மாற்றி வைத்தது

தாணுவுக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல். அதையும் முழுச் சொல் என்று சொல்ல முடியாது. “மாத்தி” என்பார். பிறகு வாய் கோணி, கண் நிறைந்து, இன்னொரு தடவை “மாத்தி” என்பார். அவ்வளவுதான்.

கேரள எல்லையோரத்துக் கொல்லயிலில் பேச்சுக்குப் பேர்போன மனிதர் அவர். பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தியவர். அது படுத்த பிறகு டிவி, டேப் ரிக்கார்டர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து பார்த்தவர். கடைசி வருஷங்களில் அவரைத் தேடி வந்ததெல்லாம் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள். மொத்த எந்திரமும் கீபோர்டுக்குள்ளேயே அடங்கிவிடும். டிவியில் செருக வேண்டும், பாட்டுக் கேசட்டில் இருந்து புரோகிராம் ஏற்ற வேண்டும். கல்ஃபில் இருந்த மாமன்மார் அந்தக் காலத்தில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த சாமான். அதில் விளையாடிய பையன்மார் இன்று தலை நரைத்து, உத்தியோகம் பார்த்துக் களைத்து, ஒருநாள் மச்சில் இருந்து அதை இறக்கித் தூசி தட்டி டிவியில் செருகிப் பார்ப்பார்கள். அது கண் திறக்காது. இவர்களுக்கு மனசு கேட்காது. விசாரித்து விசாரித்து தாணுவுக்குக் கொரியர் அனுப்புவார்கள்.

முன்னறையில் ஜன்னலோரம் அவருடைய மேஜை. பிந்து அடுக்களையில் பயறு நுள்ளிக்கொண்டிருக்கும்போது அங்கே அவர் யாரிடமாவது பேசிக்கொண்டேயிருப்பார். யாரும் இல்லையென்றால் எந்திரத்திடமே பேசுவார். போனில் கோழிக்கோட்டுக்காரனுக்கும் கொச்சிக்காரனுக்கும் வியாதி விளக்கிச் சொல்வார். அவருடைய முதல் பரிசோதனை மூக்கு. மூடியைத் திறந்ததும் மோந்து பார்ப்பார். எரிந்த மணம், மீன் மணம், பல்லி செத்த மணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் வைத்திருந்தார். ஸ்கிரீன் இருட்டாக இருந்தால் ஒன்றும் கலங்கமாட்டார். இருட்டிலேயே கட்டைகளைத் தட்டுவார். அந்தச் சாதிக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டையை அமுக்கினால் ஒரு முழுச் சொல் விழும். ஒரு சொல், ஒரு எண், கடைசியில் ஓரத்து என்டர் கட்டை. உள்ளே உயிர் இருந்தால் பீப் என்று ஒரு சத்தம் வரும்.

“பாத்தியா பிந்து,” என்று அங்கிருந்தே கூவுவார். “மொகத்துல ஒண்ணும் வரலேண்ணு வச்சு உள்ள ஆளு இல்லேண்ணு சொல்லப்பிடாது, கேட்டியா.”

“கேட்டேன், கேட்டேன். கஞ்சி ஆறுது, வாருங்கோ,” என்பாள் பிந்து. கேட்கவெல்லாம் இல்லை. முப்பது வருஷம் ஒரே மனிதர் பேசினால் எந்தக் காதுதான் கேட்கும்?

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், சால்டரிங் அயர்ன் கையில் இருக்கும்போதே தாணு நாற்காலியில் இருந்து சரிந்தார். வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பேச்சு இருக்கிற இடத்தில்தான் அடி என்றார். மற்றவர்கள் சொல்வது எவ்வளவு புரியும் என்று இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். காரணமில்லாமல் அழுவார், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டில் எல்லாரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலை முன்னறையில் போட்டார்கள். வந்த அன்றைக்கே அந்தச் சொல் வந்தது. வாயே திறக்காதவர் வாய் திறந்ததும் பிந்து வாசலுக்குப் போய்க் கூவினாள். அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய அக்காள் பகவதியம்மாள் ஓடி வந்தாள்.

“எலே மக்கா, என்னத்தலே மாத்தணும்? சட்டையா?”

“மாத்தி.”

“பிந்து, அந்தச் சட்ட அவனுக்குப் பிடிக்கேல போல. ஒரு நல்ல சட்டயா எடுத்து மாத்திப் போடு பிள்ளே.”

சட்டையை மாற்றினார்கள். விரிப்பை மாற்றினார்கள். டிவியில் சானல் சானலாக மாற்றினார்கள். தலைமாட்டைக் கால்மாடாக்கினார்கள். கஞ்சியை மாற்றி ஓட்ஸ் கொடுத்தார்கள், ஓட்ஸை மாற்றிக் கூவரகுக் கூழ் கொடுத்தார்கள். வைத்தியரையே மாற்றி, காட்டாக்கடையில் எண்ணெய் போட்டுத் தடவுகிற ஒருவரை வரவழைத்தார்கள். பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சராகிய பிந்து, பலகையும் சாக்கட்டியும் கொண்டுவந்து இடக்கையில் கொடுத்துப் பார்த்தாள். கோடு கோடாகத்தான் வந்தது. எல்லாம் செய்து முடித்த பிறகும் அவர் அவர்களைப் பார்த்து “மாத்தி” என்றார். பிறகு கண்ணை எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோனார்.

எதிர்ச்சுவரில் அவருடைய அப்பாவின் போட்டோ இருந்தது. திருவிதாங்கூர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து, தலைப்பாவும் கோட்டுமாக எடுத்த படம். கனத்த மரச்சட்டம். கீழே இரண்டு கட்டைகளில் உட்கார்ந்து முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அதில் பகவதியம்மாளைத் தவிர யாரும் கை வைக்கமாட்டார்கள். அவளும் திதி நாளில் முன்கண்ணாடியை மட்டும் துடைத்து மாலை போடுவாள்.

“பிள்ளே, அவனுக்கக் கண்ணு எங்க போவுதுண்ணு பாத்தியா?” என்று ஒரு மத்தியானம் அடுக்களைக்கு வந்து சொன்னாள் பகவதியம்மாள். “அப்பாக்கப் போட்டோவுலயாக்கும் நிக்குது. காலம்பற வந்தாலும் அங்க. அந்திக்கு வந்தாலும் அங்க.”

“சும்மா பாப்பாராக்கும் மைனி. எதிர்த்தாப்ல வேற என்ன இருக்கு பாக்கதுக்கு?”

“உனக்கு அறியாது. எங்க அம்மைக்கும் கடைசியில இப்படித்தான். அப்பா கூப்பிடுதாரு. அவனுக்கே அது அறிஞ்சு பயம் வந்தாச்சு. அதாக்கும் கட்டில மாத்து, கட்டில மாத்துண்ணு கிடந்து சொல்லுதான் பாவம்.”

“பின்ன எங்க போட? சாய்ப்புலயா? அங்க தேங்காயும் ரப்பர் ஷீட்டும்லா கிடக்கு.”

“தேங்காய ஒருபக்கமா ஒதுக்கினா போச்சு.”

பிந்துவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் எதையாவது மாற்றினால் அந்தச் சொல் நின்றுவிடாதா என்ற ஆசை இருந்தது. அப்படியாக வீட்டின் பின்புறத்துச் சாய்ப்பில் தேங்காயை ஒதுக்கி, ஷீட்டை மூலையில் அடுக்கி, தாணுவைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அன்றைக்கு அவர் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, இடக்கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து அழுதார். டாக்டர்தான் சொன்னாரே என்று எல்லாரும் பேசாமல் இருந்துவிட்டார்கள். நாளாக ஆக, ஓய்ந்தார். சொல்லும் குறைந்தது. ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றத்தில், கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஜூன் பிறந்து எடவப்பாதி மழை பிடித்தது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளும் வந்தது. பிந்து எடுக்கக்கூடிய லீவையெல்லாம் எடுத்து முடித்திருந்தாள். பகவதியம்மாளுக்கு முட்டுவலி. ஒரு ஆளைத் திருப்பிப் போட அவளால் ஆகாது. பகலில் வந்து பார்க்க ஆள் தேடினார்கள். வந்த ஒருத்தியும் ஒரு வாரம் நிற்கவில்லை. பெங்களூரில் இருந்து மகள் ஆதிரா போன் செய்தாள்.

“அம்மா, நெய்யாற்றின்கரையில ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன். நல்லாப் பாப்பாவ. நர்ஸ் உண்டு, டாக்டர் வருவாரு. திங்கக்கிழம வண்டி அனுப்புதாவ.”

“அங்க கொண்டு தள்ளணுமா மக்களே?”

“தள்ளதுக்கா சொல்லுதேன்? நீ கெடையில விழுந்தா ரெண்டுபேரையும் யாரு பாப்பா?” ஆதிராவுக்கு அழுகை வந்துவிட்டது. “அப்பாக்கு எங்க கிடக்கோம்ணு அறியவா போவுது? அறியும்ணா நான் இதச் சொல்லுவனாம்மா?”

அந்தக் கேள்விதான் பிந்துவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அறியுமா, அறியாதா? அறியாது என்றால் நெய்யாற்றின்கரையும் ஒன்றுதான், கொல்லயிலும் ஒன்றுதான். அறியும் என்றால்? கஞ்சி ஊட்டும்போது அவர் முகத்தையே பார்ப்பாள். “அத்தான், நான் ஆருண்ணு அறியுமா?” என்று கேட்பாள். அவர் பார்ப்பார். பார்வையில் ஏதோ இருப்பது போலவும் இருக்கும், ஒன்றுமில்லாதது போலவும் இருக்கும். பகவதியம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. கட்டிலுக்கு அருகில் நின்றே சொல்வாள்: “தாணு போயாச்சு பிள்ளே. இது அவனுக்கக் கூடாக்கும் கிடக்கு.”

சனிக்கிழமை ரெஜி வந்தான். காட்டாக்கடையில் இன்வெர்ட்டர் கடை வைத்திருப்பவன். தாணுவுக்குப் பழைய கூட்டாளி. டிவி காலத்தில் இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஆன்டெனா கட்டிக்கொண்டு சுற்றியவர்கள். பிந்துதான் அவனைக் கூப்பிட்டிருந்தாள். மேஜையில் கோழிக்கோட்டுக்காரருடைய கம்ப்யூட்டர் தாணு விழுந்த அன்றைக்குத் திறந்தது திறந்தபடி கிடந்தது. அவர் நல்ல மனிதர், அவசரம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் திங்கட்கிழமை வண்டி வந்துவிட்டுப் போன பிறகு அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிந்துவால் முடியாது. “மூடி ஸ்குரூ போட்டு, பொதிஞ்சு அனுப்பிருங்கோ ரெஜி, இருக்கது போல இருக்கட்டும்,” என்றாள்.

ரெஜி முதலில் சாய்ப்புக்குப் போய் நின்றான். “சாரே,” என்று கூப்பிட்டான். தாணு கண்ணைத் திருப்பினார், பிறகு ஓட்டுக்கே திருப்பிக்கொண்டார். ரெஜிக்கு முகம் வாடிப்போயிற்று. முன்னறைக்கு வந்து மேஜை விளக்கைப் போட்டான். வெளியே மழை ஒரு சீராகப் பெய்தது. பிந்து மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகும் உள்ளியும் சதைத்துச் சம்மந்தித் துவையல் வைத்து, பாலில்லாத கட்டன் சாயையும் கொண்டுவந்து வைத்தாள்.

“சேச்சி, இங்க ஒண்ணு வாங்கோ,” என்றான் ரெஜி. அவன் பேசுகிற தமிழுக்கு மலையாளத்து நடை. “இதில ஒரு சிப்பு இல்லல்லோ.”

பச்சைப் பலகையில் கறுப்பு கறுப்பாக வரிசை கட்டி உட்கார்ந்திருந்த சில்லுகளுக்கு நடுவே நீளமாக ஒரு காலி இடம் இருந்தது.

“அது பெரிய சாமானா?”

“இதாக்கும் இதின்றெ உயிரு. படம் வரதும் கட்ட அமுக்கினா அறியதும் ஒக்கெ இது வழியாணு. இது இப்ப எங்கயும் கிட்டாது சேச்சி. உண்டாக்கின கம்பெனியே பூட்டிப் போச்சு.”

பிந்து குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். “அய்யோ, நான் தரையத் தூத்துவாரினப்போ எங்கயாம் போயிருக்குமோ? அண்ணு விழுந்தப்போ எல்லாம் சிதறிக் கிடந்து.”

“ஏய், அதொண்ணும் இல்ல. சார் அங்ஙன தாழப் போடற ஆளா?” ரெஜி மீட்டரை எடுத்துக் கம்ப்யூட்டரின் பவர் பெட்டியில் வைத்துப் பார்த்தான். புருவம் உயர்ந்தது. “பாருங்கோ. இதில கரண்ட்டு கூடுதலா வருதுண்ணு அண்ணு எனக்கிட்ட போன்ல சொன்னாரு. இப்ப கறக்ட். அப்ப சார் இத சரியாக்கிட்டு தன்னெ விழுந்திருக்காரு. சரியாக்கும் முன்ன கூடுதல் கரண்ட்டு கேறி இந்தச் சிப்பு செத்துப் போகப்பிடாதுண்ணு, ஊரி மாத்தி வெச்சிட்டுண்டாவும்.”

பிந்து சாயைக் கிளாஸை மேஜையில் வைத்தாள்.

“என்ன சொன்னீய?”

“செத்துப் போகப்பிடாதுண்ணு...”

“இல்ல. அதுக்கப்பறம்.”

“ஊரி மாத்தி வெச்சிட்டுண்டாவும்ணு.”

பிந்துவுக்கு மலையாளம் தெரியாததல்ல. பஸ்ஸில், பாங்கில், ஆஸ்பத்திரியில் அவள் பேசுவது அதுதான். மலையாளத்தில் ஒரு பொருளை மாற்றி வைப்பது என்றால் தனியாக எடுத்து ஒதுக்கி வைப்பது. பத்திரமாக, பிறகு எடுப்பதற்காக. எல்லைப்புறத்துப் பிள்ளைகள் அந்த வழக்கத்தில், ‘ராமன் சோற்றை மாற்றி வைத்தான்’ என்று கட்டுரையில் எழுதும். ‘ஒதுக்கி வைத்தான்’ என்று சிவப்பு மையில் திருத்தித் திருத்தியே அவளுக்குக் கை தேய்ந்தது. ஆனால் வீட்டுக்குள் தாணு அவளிடம் பேசியது என்றைக்கும் தமிழ்தான். கஞ்சி கேட்டதும் சண்டை போட்டதும் தமிழில். மேஜையும் எந்திரமும் போனும் மலையாளத்தில். மண்டைக்குள் எல்லாம் இடிந்து விழுந்தபோது அந்த மேஜைப் பேச்சில் இருந்து ஒரு துண்டு தப்பிக் கிடந்திருக்கிறது. அதை அவர் எடுத்து எடுத்து நீட்டியிருக்கிறார். தமிழ் டீச்சர் அதைத் தமிழாகவே கேட்டிருக்கிறாள்.

அவள் சாய்ப்புக்கு ஓடினாள்.

“அத்தான். இஞ்ச பாருங்கோ. என்னப் பாருங்கோ. என்னத்தயோ மாத்தி வச்சியளா? ஒதுக்கி வச்சியளா? அந்தச் சிப்பையா? எங்க வச்சிய?”

தாணு ஓட்டில் இருந்து கண்ணை இறக்கினார். அவளைப் பார்த்தார். இடக்கை மெல்ல வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. இத்தனை பலம் அந்தக் கையில் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

“மாத்தி,” என்றார். அன்றைக்குத்தான் அழாமல் சொன்னார்.

பிந்துதான் அழுதாள். “ரெஜி, இஞ்ச வாருங்கோ, ஓடி வாருங்கோ,” என்று கத்தினாள். இரண்டு பேருமாக அவரைத் தூக்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, நாற்காலியோடு முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். சத்தம் கேட்டுப் பகவதியம்மாள் குடையைக் கூட மடக்காமல் உள்ளே வந்தாள்.

“என்ன பிள்ளே, என்ன ஆச்சு? அவன எதுக்கு இங்க கொண்டு வந்திய?”

தாணுவின் கண் சுவருக்குப் போய்விட்டிருந்தது.

“பாத்தியா!” பகவதியம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். “வந்ததும் அப்பாவத்தான் பாக்கான். நான் அண்ணே சொன்னேன்லா?”

பிந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“எடி, அதுல தொடாத! சாமி போட்டோ போலயாக்கும் அது.”

“அதனாலதான் மைனி அங்க வச்சிருக்காரு,” என்றாள் பிந்து. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஈரம் ஏறாத, எறும்பு ஏறாத, பெண்டாட்டி தூத்துவாரி ஒதுங்க வைக்காத, அக்காள் முன்பக்கம் மட்டும் துடைக்கிற ஒரே இடம் இந்த வீட்டில் அதுதான். சாய்ந்து நின்ற சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டாள். ஒட்டடை. பல்லி முட்டை ஓடு. பிறகு ஒரு சின்னத் தெர்மோகோல் துண்டு. வெள்ளித்தாள் சுற்றிய அந்தத் துண்டில், கால்களெல்லாம் குத்தி நிற்க, அந்தச் சில்லு இருந்தது.

ரெஜி இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். “என்றெ தெய்வமே,” என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மழை நாளில் கொல்லயிலில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று மின்சார ஆபீஸுக்கே தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் ரெஜி சில்லைத் துடைத்து, ஒவ்வொரு காலாக நேராக்கி, பொறுமையாக அதன் இடத்தில் அமுக்கினான். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. நான்கு பேரும் கரண்டுக்காகக் காத்திருந்தார்கள். ஓட்டில் இருந்து தண்ணீர் முற்றத்தில் விழுகிற சத்தம். பிந்து மரச்சீனியைச் சின்னதாகப் பிய்த்து, சம்மந்தி தொடாமல், அவர் வாயில் வைத்தாள். தாணு மென்றார். மென்றுகொண்டே சம்மந்திக் கிண்ணத்தைப் பார்த்தார். அவள் ஒரு துளி தொட்டு வைத்தாள். எரிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னும் வாயைத் திறந்தார்.

பகவதியம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கரண்ட் வந்தது. ரெஜி சின்ன டிவியைச் செருகி சுவிட்சைப் போட்டான். ஸ்கிரீன் கறுப்பு. முன்னும் பின்னும் திருகினான். கறுப்புதான்.

“போச்சா?” என்றாள் பகவதியம்மாள், ரொம்ப மெதுவாக.

தாணு தொண்டையைச் செருமினார். இடக்கையை நாற்காலிக் கையில் இருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பிந்து அவருடைய நாற்காலியை நெருக்கிப் போட்டாள். கை கட்டைகளுக்கு மேலே போய் நின்றது. பிறகு ஒரு விரல் இறங்கியது. ஒரு கட்டை. இன்னொரு கட்டை. ஓரத்துக் கட்டைக்குப் போக விரல் வழி தேடியது. பிந்து உதவக் கையை நீட்டி, வேண்டாம் என்று பின்னால் இழுத்துக்கொண்டாள். விரல் அதைக் கண்டுபிடித்து அமுக்கியது.

பீப் என்று கேட்டது.

இருட்டு ஸ்கிரீனுக்கு முன்னால் அந்தச் சத்தம் நீளமாகக் கேட்டு நின்றது. ரெஜி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். “உள்ள ஆளுண்டு. டிவியாணு டியூன் ஆவாத்தது,” என்று சொல்லித் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தான். சிறிது நேரத்தில் புள்ளிமழைக்கு நடுவே வெள்ளையாக ஒரு திரையும் அதன் கீழே எழுத்தும் தெளிந்து வந்தன. கோழிக்கோட்டுக்காரருடைய பிள்ளைப்பிராயம் திரும்பி வந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

பகவதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளே,” என்றாள். “அப்போ இவன் எல்லாம் கேட்டுட்டா கிடந்தான்? நான் என்னெல்லாம் சொன்னேன். கூடுண்ணு சொன்னேன். இவனுக்கத் தலமாட்டுல நிண்ணு சொன்னேன். திங்கக்கிழம கொண்டு போவாவண்ணு, போர்வ ஏது குடுத்து விடணும்ணு, எல்லாம் இவனுக்க முன்ன வச்சாக்கும் பேசினோம்.” அவள் தம்பியின் செத்த காலைப் பிடித்துக்கொண்டாள். “எலே மக்கா, பொறுத்துக்கோலே. எனக்கு அறியாமப் போச்சு.”

தாணு அக்காளைப் பார்த்தார். வாய் அசைந்தது. எல்லாரும் காத்தார்கள். வேறு ஏதாவது சொல் வரும், பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றுகூடப் பிந்து நினைத்தாள். ஆசைக்கு அளவேது?

“மாத்தி,” என்றார் தாணு.

“இன்னும் என்னத்தயோ மாத்தி வச்சிருக்கான்!” பகவதியம்மாள் துடித்து எழுந்தாள். “தேடுங்கோ. ரெஜி, அந்த டிராயரப் பாரு. பிந்து, அந்தப் பக்கத்து போட்டோவுக்கப் பொறத்தால கைய விட்டுப் பாரு.”

டிராயரைத் திறந்தார்கள். டப்பாக்களைத் திறந்தார்கள். தாணு தலையை இல்லை என்று ஆட்டினார். இடக்கையை மேஜையில் இருந்து எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். தேங்காய் நாரும் ரப்பர்ப் பாலின் நாற்றமும் ஒட்டிய அந்தச் சட்டையில் கையைப் பரத்தி வைத்துக்கொண்டு, பிந்துவின் கண்ணைப் பார்த்து, பிறகு சாய்ப்புக்குப் போகிற வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“மாத்தி.”

இந்தத் தடவை பிந்து அதைத் தமிழில் கேட்கவில்லை.

தேங்காயை ஒதுக்கி, அந்த இடத்தில் ஆளை ஒதுக்கிவிட்டு, கஞ்சி கொண்டுபோய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள் இத்தனை நாளும். அவர் அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“ஒதுக்கித்தான் வச்சிட்டோம் அத்தான்,” என்றாள். “உங்கள நாங்க மாத்தி வச்சிட்டோம்.”

தாணு கண்ணை மூடித் திறந்தார். கை நெஞ்சில் இருந்து இறங்கி மடியில் விழுந்தது.

போன் அடித்தது. ஆதிராதான். திங்கட்கிழமை வண்டிக்காரர்கள் நேரம் கேட்கிறார்கள் என்றாள்.

“வரண்டாம்ணு சொல்லு மக்களே.”

“என்னம்மா? பின்ன பள்ளிக்கூடம்?”

“பள்ளிக்கூடத்துக்கு என்ன வழிண்ணு இப்ப எனக்கு அறியாது. ஆளு தேடுவோம், இல்லேண்ணா வேலய விடுவேன். பொறவு பேசுவோம். அப்பாக்கு அறியும் மக்களே. எல்லாம் அறியும். நீயும் இனி போன் விளிச்சா அப்பாக்கிட்டப் பேசணும், கேட்டியா? கேட்டுட்டு இருப்பாரு.”

அந்தப் பக்கத்தில் தேம்பல் கேட்டது. பிந்து போனை தாணுவின் காதோடு சேர்த்து வைத்துப் பிடித்தாள். மகள் அழுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மழை கொஞ்சம் வெறித்திருந்தது. பிந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சாய்ப்புக்குப் போய், கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்டினாள். ரெஜி கால்பக்கத்தைப் பிடித்தான். தலைப்பக்கத்தைப் பிடிக்கப் பிந்து குனிவதற்குள் பகவதியம்மாள் வந்து பிடித்துவிட்டாள்.

“உங்களுக்கு முட்டுவலி மைனி. விடுங்கோ.”

“நானாக்கும் இத இங்க கொண்டு போட்டது,” என்றாள் பகவதியம்மாள். “நான் எடுக்கேன். நீ வாசல்ல நிண்ணு சரிச்சுக் குடு.”

கட்டிலைச் சரித்து, வாசலில் ஒரு தடவை இடித்து, அடுக்களை வழியாக முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். எங்கே போடுவது என்று ரெஜி கேட்டான்.

பகவதியம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“மேசைக்கப் பக்கத்துல போடு,” என்றாள். “அப்பாக்க போட்டோவுக்கு நேராட்டு.”